மணிக்கட்டில் தொடங்கிய இதய நோய்

அப்பாவுக்கு நெடுங்காலமாக இருந்த ரத்த அழுத்தம் தானாகவே இறங்கியபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு மாத்திரை ஒன்றானது, ஒன்று பாதியானது, கடைசியில் அதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது. தான் வைத்துக் கொடுக்கும் கொள்ளு ரசம்தான் காரணம் என்றார் அம்மா. பட்டறைத் தொல்லை விட்டதுதான் காரணம் என்றார் அப்பா. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரும், "இந்த வயதில் பிபி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்?" என்று பாராட்டி அனுப்பினார். எடை குறையவில்லை, சாப்பாடு மாறவில்லை, புதிதாக நடைப்பயிற்சி எதுவும் இல்லை. எழுபதைத் தாண்டியவருக்கு ரத்த அழுத்தம் மட்டும் காரணமில்லாமல் படிப்படியாக இறங்கினால், காரணம் எங்கோ உள்ளே இருக்கலாம். அப்பாவுக்கு அது இதய அமிலாய்டோசிஸ்: அமிலாய்டு என்ற கரையாத புரதப் படிவு இதயச் சுவரில் சேரும் நோய்.

அப்பா ஈரோட்டில் சாயப்பட்டறை மாஸ்டர். நனைந்த சிட்டா நூலைத் தொட்டியிலிருந்து தூக்குவதும் பிழிவதும் உதறுவதுமாக அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. அதனால் கைக்கு எது வந்தாலும் அதற்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது. இரவில் வலது கை விரல்கள் மரத்துப்போய், எழுந்து உட்கார்ந்து கையை உதறியபோது, பட்டறை வேலை என்றார்கள். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் கார்பல் டனல் தொல்லை என்று கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்தார்கள், சரியாயிற்று. சில காலம் கழித்து இடது கையிலும் அதே தொல்லை, அதே அறுவை சிகிச்சை. பிறகு ஒருநாள் காஸ் சிலிண்டரை நகர்த்தும்போது வலது தோளருகே பட்டென்று ஒரு சத்தம். மேற்கைத் தசை கீழே இறங்கி, முழங்கைக்கு மேல் உருண்டையாக நின்றுவிட்டது. தசைநார் அறுந்திருக்கிறது, வயதானால் சகஜம், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் எலும்பு மருத்துவர். அதன் பிறகு இடுப்புவலி; கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கனத்து எங்காவது உட்கார வேண்டிய நிலை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, முதுகுத்தண்டுக் கால்வாய் சுருங்கியிருக்கிறது என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மருத்துவர், தனி ஃபைல்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். தேதி வாரியாக அடுக்காத காகிதத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து மருத்துவமனைகளுக்கு அலையத் தொடங்கியதும் எல்லா ஃபைல்களையும் பிரித்து, ஆண்டு, தொல்லை, சிகிச்சை என்று ஒரே தாளில் மூன்று பத்தி போட்டு எழுதினேன். மருத்துவ அறிவால் செய்ததல்ல, பழக்கதோஷம். ஆனால் பின்னால் வந்த மருத்துவர்கள் எல்லோரும் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்கள். இதுதான் இந்த நோயின் சங்கடம். அதன் அடையாளங்கள் எலும்பு மருத்துவரிடம் கொஞ்சம், நரம்பு மருத்துவரிடம் கொஞ்சம், பொது மருத்துவரிடம் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. இதய மருத்துவரிடம் போகும்போது, "கையில் செய்த ஆபரேஷனை இவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மூச்சிரைப்புக்கு முதலில் கிடைத்த பெயர் இதயச் செயலிழப்பு. ஆஞ்சியோ செய்தார்கள், அடைப்பு இல்லை. ஆனால் இதயத் தசை பாதிக்கப்பட்டால் ஏறும் ட்ரோபோனின் மட்டும், மாரடைப்பு எதுவும் இல்லாமலே, கொஞ்சம் ஏறினபடியே நின்றது. எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு 55 சதவீதம், இயல்புதான். இடது கீழறையின் சுவர் மட்டும் 16 மில்லிமீட்டர் தடித்திருந்தது. 11 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது அது. பழைய ரத்த அழுத்தத்தால் வந்த தடிப்பு என்று எழுதி, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் ரத்தக் குழாயைத் தளர்த்தும் மாத்திரையும் கொடுத்தார்கள். அவற்றைச் சாப்பிடத் தொடங்கிய பிறகு அப்பா இன்னும் தளர்ந்துபோனார். எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு விடியற்காலையில் குளியலறை வாசலில் விழுந்தார். இதயத்துக்கென்று கொடுத்த மாத்திரை இதய நோயாளியை ஏன் மோசமாக்குகிறது என்று கேட்டால், "வயதாகிவிட்டது அல்லவா" என்ற பதில்தான் வந்தது. எனக்கு அந்தப் பதில் மேல் எப்போதும் எரிச்சல் உண்டு. வயது என்பது எல்லா வவுச்சருக்கும் போடப்படும் ஒரே தலைப்பு.

கோவையில் வேறோர் இடத்தில் எக்கோ எடுத்தவர் ஓர் இளம் டாக்டரம்மா. எடுத்து முடித்து, ஜெல்லைத் துடைத்துக்கொள்ளக் காகிதம் நீட்டினார். அப்பா வாங்கக் கையை நீட்டியதும் அந்தக் கையை அப்படியே பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முடிகிற இடத்தில் நேர்கோடாக ஒரு தழும்பு. மற்றக் கையையும் காட்டச் சொன்னார்.

"ஐயா, இது எதற்குச் செய்த ஆபரேஷன்?"

"விரல் மரத்துப்போயிற்று, டாக்டரம்மா. பட்டறை வேலை."

"முழங்கையை மடக்குங்கள்."

உருண்டை எழும்பியது. அதற்குள் நான் என் தாளை நீட்டிவிட்டேன். நின்றபடியே படித்தார். பிறகு இசிஜி தாளை எடுத்து எக்கோ படத்துக்குப் பக்கத்தில் வைத்து, "சுவர் இவ்வளவு தடித்திருந்தால் இசிஜியில் கோடுகள் உயரமாக வர வேண்டும். இவருக்கு எவ்வளவு குட்டையாக இருக்கின்றன, பாருங்கள்" என்று எனக்கே காட்டினார். கை, கால்களில் பொருத்தும் கம்பிகள் பதிந்த கோடுகள் எதுவுமே ஒரு பெரிய கட்டத்தைத் தாண்டவில்லை.

ரத்த அழுத்தத்தால் இதயம் தடித்தால் அங்கே வளர்ந்திருப்பது தசை. தசை கூடினால் மின்சாரமும் கூடும். அமிலாய்டில் தசை வளர்வதில்லை. தசைச் செல்களுக்கு நடுவே மின்சாரம் எழுப்பாத ஒரு புரதப் படிவு சேர்ந்து சுவரைத் தடிக்க வைக்கிறது. எக்கோ தடிப்பு என்கிறது, இசிஜி இல்லை என்கிறது. இந்த முரண்தான் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டியது. எல்லோருக்கும் இசிஜி இப்படிக் குட்டையாக வராது என்பதையும் அவர் சொன்னார். இயல்பான இசிஜியை வைத்து இந்த நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. எக்கோவிலேயே ஸ்ட்ரெயின் என்றொரு அளவு உண்டு. அதன் வண்ணப் படத்தில் அப்பாவின் இதய நுனி மட்டும் பளிச்சென்று சிவந்திருந்தது. அடிப்பகுதியெல்லாம் வெளிறிக் கிடந்தது. நுனி நன்றாகச் சுருங்குகிறது, மற்ற இடங்கள் மந்தம். இதுவும் அமிலாய்டுக்கு ஒரு முக்கியமான அடையாளம்.

என்ன நடக்கிறது என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கல்லீரல் ட்ரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தைச் செய்கிறது. தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் ரத்தத்தில் சுமந்து செல்வது அதன் வேலை. நான்கு துண்டுகள் சேர்ந்த புரதம் அது. வயதாக ஆக, அல்லது பரம்பரையாக வந்த மரபணு மாற்றத்தால், அந்த நான்கும் பிரிந்து, தவறாக மடங்கி, கரையாத நாராகி உறுப்புகளில் படிகின்றன. மணிக்கட்டின் தசைநார் உறை, முதுகுத்தண்டின் சவ்வு, மேற்கைத் தசைநார், எல்லாவற்றுக்கும் மேலாக இதயம். கையில் தொல்லை தொடங்கி ஐந்து முதல் பத்து ஆண்டு கழித்து இதய அறிகுறி வருவது வழக்கமாம். கஞ்சி போட்டு விறைத்த வேட்டி போல இதயச் சுவர் விறைத்துவிட, ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம்தான் உள்ளே வந்து நிரம்ப முடிகிறது. உடம்புக்கு ரத்தம் கூடுதலாக வேண்டுமென்றால் இதயத்துக்கு இருக்கும் ஒரே வழி வேகமாகத் துடிப்பது. பீட்டா பிளாக்கர் அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. அப்பா ஏன் தளர்ந்தார் என்ற கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. பல ஆண்டுகளாகப் பொறுத்துவந்த இதய மாத்திரைகளை ஒருவர் திடீரென்று பொறுக்க முடியாமல் போவதே ஓர் அடையாளம் என்று அந்த டாக்டரம்மா சொன்னார்.

இது அபூர்வ நோய் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. 2015-இல் ஸ்பெயினில் வெளியான ஓர் ஆய்வில், இதயச் செயலிழப்போடு வந்த, வெளியேற்றும் அளவு இயல்பாகவும் சுவர் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருந்த அறுபதைத் தாண்டிய 120 பேரைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அமெரிக்காவில் க்ளீவ்லாண்டில் கார்பல் டனல் அறுவை சிகிச்சைக்கு வந்த 98 பேரிடம் எடுத்த திசுவைச் சோதித்ததில் 10 பேருக்கு அமிலாய்டு இருந்தது. அது 2018-இல் வெளியானது. ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கோ அறுபதைத் தாண்டிய பெண்ணுக்கோ இரண்டு கையிலும் கார்பல் டனல் வந்து அறுவை சிகிச்சை என்றால், வெட்டும் இடத்திலிருந்து ஒரு துளி உறைத் திசுவை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். தனியாக ஒரு வெட்டு வேண்டாம், கூடுதல் வலி இல்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். இதயத்தில் படியும் அமிலாய்டு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அப்பாவுக்கு வந்த ட்ரான்ஸ்தைரெட்டின் வகை. மற்றொன்று லைட் செயின் அமிலாய்டு. அங்கே தவறு செய்வது எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள், படிவது அவை செய்யும் லைட் செயின் என்ற புரதத் துண்டுகள்; மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயின் பங்காளி என்று சொல்லலாம். எக்கோவில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். சிகிச்சையோ முற்றிலும் வேறு, வேகமும் வேறு. லைட் செயின் வகையில் இதயம் பழுதாகி, சிகிச்சையும் இல்லையென்றால் ஆறு மாதம் தாண்டுவதே பலருக்கு அரிது. அதனால் முதலில் செய்ய வேண்டியது ஸ்கேன் அல்ல, ரத்தமும் சிறுநீரும். ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின் அளவு, அந்தச் செல்கள் செய்யும் தவறான புரதத்தைத் தேடும் இம்யூனோஃபிக்சேஷன் சோதனை ரத்தத்தில் ஒன்று, சிறுநீரில் ஒன்று, இந்த மூன்றும் வேண்டும். செலவைப் பார்த்து, புரதங்களைப் பிரித்துக் காட்டும் சாதாரண எலக்ட்ரோஃபோரெசிஸ் மட்டும் எடுத்து முடித்துவிடும் வழக்கம் உண்டு. அது போதாது, சிறிய அளவு அதில் தப்பிவிடும்.

அப்பாவின் முடிவு வந்த அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கப்பா, லாம்ப்டா என்ற இரண்டு லைட் செயின்களின் விகிதம் 2.1 என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் 'அதிகம்' என்று குறி போட்டிருந்தது. இயல்பு 0.26 முதல் 1.65 வரை. ரத்தவியல் மருத்துவர் அதைப் பார்த்ததும் கேட்டது, "கிரியாட்டினின் எவ்வளவு?" சிறுநீரகம் மந்தமானால் இந்தப் புரதங்கள் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி விகிதம் தானாகவே ஏறும், அப்படிப்பட்டவர்களுக்கு 3.1 வரை பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவின் சிறுநீரக வடிகட்டும் அளவு 48, மந்தம்தான்; அதனால் 2.1 பயப்பட வேண்டிய எண் அல்ல. இரண்டு இம்யூனோஃபிக்சேஷனிலும் ஒன்றும் இல்லை. ஆய்வகத் தாளில் சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடுகிறவர்கள், கூடவே சிறுநீரக எண்ணையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவது நல்லது.

எதற்கும் இருக்கட்டும் என்று வயிற்றுக் கொழுப்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் திசு எடுத்தார்கள். அதில் அமிலாய்டு இல்லை என்று வந்தது. சொந்தக்காரர்களுக்கு உடனே நிம்மதி; "அப்படியானால் நோயே இல்லையே" என்றார்கள். அப்பாவுக்கு வந்த வகையில், வயதால் வருவதென்றால், வயிற்றுக் கொழுப்பில் அகப்படுவது ஆறேழு பேரில் ஒருவருக்குத்தான். இருக்கிறது என்று வந்தால் நம்பலாம், இல்லை என்று வந்தால் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

அந்த அறிக்கையில், திசுவில் அமிலாய்டைத் தேட ஏற்றிய சாயத்தின் பெயர் காங்கோ ரெட் என்று இருந்தது. வாசித்துக் காட்டியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எங்கள் சரக்கு அம்மிணி. பருத்தியில் நேராகவே பிடிக்கும், நிலைநிறுத்த வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். அமிலம் பட்டால் நீலமாகிவிடும்; அதனால்தான் அந்தச் சாயத்துக்கு மதிப்புக் குறைந்தது" என்றார். 1884-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற துணிச்சாயம்தான் அது. 1922-இல் அமிலாய்டில் அது ஒட்டிக்கொள்வதை ஒரு ஜெர்மன் மருத்துவர் கண்டார். இன்றைக்கும் நுண்ணோக்கியில் முனைவாக்கிய ஒளியில் அது ஆப்பிள் பச்சையாக மின்னினால்தான் அமிலாய்டு என்று உறுதி சொல்கிறார்கள். சாயத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் நோய் வந்ததோ என்று அப்பாவுக்கு ஒரு கலக்கம் இருந்தது. இல்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். பென்சிடின் சாயங்களுக்கு வேறு கெடுதல் உண்டு, அவை தடை செய்யப்பட்டதும் அதனால்தான்; இது அந்தக் கணக்கில் வராது.

அடுத்தது அணு மருத்துவப் பிரிவில் பைரோபாஸ்பேட் ஸ்கேன். கையில் ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். ஒரு மணி நேரம், தேவைப்பட்டால் மூன்று மணி நேரம். மருந்து எலும்பில் ஒட்டும். ட்ரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு இருந்தால் இதயத்திலும் ஒட்டும். இதயம் விலா எலும்பை விட மங்கலாகத் தெரிந்தால் முதல் நிலை, சமமானால் இரண்டாவது, விலாவை விட அதிகமாக ஒளிர்ந்தால் மூன்றாவது. அப்பாவுக்கு மூன்றாவது. கணினித் திரையில் விலா எலும்புகள் பின்வாங்கி, நடுவில் இதயம் மட்டும் கருத்துத் திரண்டு நின்றது. ஊசி மருந்து இதய அறைக்குள் இருக்கும் ரத்தத்தில் இருக்கிறதா, சுவரிலேயே இருக்கிறதா என்று பார்க்க முப்பரிமாணப் படமும் எடுத்தார்கள். அது இல்லாமல் வரும் அறிக்கையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2016-இல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வுக்குப் பிறகு, இரண்டு அல்லது மூன்றாம் நிலையும் ரத்தம், சிறுநீர் சோதனையில் எதுவும் இல்லாமையும் சேர்ந்தால், இதயத்திலிருந்து திசு எடுக்காமலே நோயை உறுதி செய்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான். லைட் செயின் வகையிலும் இந்த ஸ்கேன் சில சமயம் ஒளிர்ந்து ஏமாற்றும்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான எலும்பு ஸ்கேனும் இதுவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கான ஊசி மருந்து வேறு. இதய அமிலாய்டை அது தவறவிடலாம். சீட்டில் பைரோபாஸ்பேட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த மருந்து அன்று கையிருப்பில் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஊர் விட்டு ஊர் முதியவரை அழைத்துப்போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ரத்தவியல் பிரிவின் காத்திருப்பு அறையில் ஒரு பெண்மணியைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். கண்ணைச் சுற்றி அடிபட்டதுபோல் ரத்தக் கன்றல், நாக்கு தடித்துப் பேச்சுக் குழறியது, சிறுநீரில் புரதம் போய்க் கால் வீங்கியிருந்தது. அவருக்கு லைட் செயின் வகை. டாராடுமுமாப், போர்டிசோமிப், சைக்ளோபாஸ்பமைடு, டெக்சாமெதசோன் என்று நான்கு மருந்துக் கூட்டு தொடங்கியிருந்தார்கள். இந்தக் கூட்டுக்கு அமெரிக்காவில் 2021 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. இவற்றில் டாராடுமுமாப்தான் விலை கூடியது. போர்டிசோமிப் இங்கேயே பல நிறுவனங்கள் தயாரிப்பது. அவருடைய கணவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "கண் கன்றலுக்குத் தோல் டாக்டர், நாக்குக்குப் பல் டாக்டர், காலுக்குச் சிறுநீரக டாக்டர். சுற்றிவிட்டுத்தான் இங்கே வந்தோம், அம்மா." எங்கள் வீட்டுக் கதைதான், எங்களுக்குச் சுற்ற அவகாசம் இருந்தது, அவர்களுக்கு இல்லை.

சிகிச்சையில் முதல் படி எதைக் கொடுப்பது என்பதல்ல, எதை எடுப்பது. பீட்டா பிளாக்கரை நிறுத்தினார்கள். ரத்தக் குழாயைத் தளர்த்தும் மாத்திரையும் போனது. என் தாளில் இருந்த இன்னொரு வரியை மருத்துவர் வட்டமிட்டார்: புராஸ்டேட்டுக்காக இரவில் சாப்பிடும் டாம்சுலோசின். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுவதை அது இன்னும் கூட்டும். சிறுநீரக மருத்துவரைக் கேட்டு அதை மாற்றினோம்; குளியலறை வாசலில் விழுவது நின்றது. டில்டியாசெம், வெராபமில் என்ற மாத்திரைகளை இந்த நோயில் தவிர்க்க வேண்டும். டிஜாக்சினை மிகுந்த எச்சரிக்கையோடுதான் கொடுப்பார்கள். இந்தப் பெயர்களை அப்பாவின் ஃபைல் அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு அப்பாவின் கதை தெரியாது.

நீர் பிரியும் மாத்திரைதான் அன்றாட ஆதாரம். கூடினால் உடம்பு வறண்டு தலைசுற்றல், குறைந்தால் கால் வீக்கமும் மூச்சிரைப்பும். இடைவெளி குறுகலானது. அதனால் காலையில் சிறுநீர் கழித்ததும், காபிக்கு முன், எடை பார்த்துச் சுவர் நாட்காட்டியிலேயே குறிக்கிறோம். ஓரிரு நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பிட்ட சோறு அல்ல, தேங்கிய நீர். அன்றே மருத்துவரிடம் பேசிவிடுவோம். ரத்த அழுத்தத்தைப் படுக்கையில் ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை எடுக்கிறோம். மேல் எண் 20 இறங்கினால் அன்றைக்குக் கவனம். உட்கார்ந்து எடுக்கும் ஒரு அளவு எதையும் காட்டாது. உப்புதான் பெரிய போராட்டம். அப்பாவுக்கு அரிசிப் பருப்புச் சாதத்தோடு அப்பளம் இல்லையென்றால் அது சாப்பாடே இல்லை. அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் வீட்டுக்கே கொண்டுவருவதில்லை என்று அம்மா முடிவு செய்தார். கருவாட்டுக்காக அப்பா சித்தப்பா வீட்டுக்குப் போய்வருவது எடை நாட்காட்டியில் மறுநாள் தெரிந்துவிடும்.

நடுவே ஒருமுறை துடிப்பு ஒழுங்கற்றுப் போனது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். வழக்கமாக வயது, சர்க்கரை என்று மதிப்பெண் போட்டுத்தான் ரத்தம் உறையாமைக்கு மருந்து தேவையா என்று முடிவு செய்வார்கள். அமிலாய்டு இருந்தால் மதிப்பெண் பார்க்காமலே கொடுக்கிறார்கள். விறைத்த இதயத்தின் மேலறையில் ரத்தக் கட்டி சுலபமாகச் சேர்ந்துவிடும்.

இவையெல்லாம் அறிகுறிக்கான வைத்தியம். நோயையே தடுக்கும் மருந்து என்றால் முதலில் வந்தது டஃபாமிடிஸ். தைராய்டு ஹார்மோன் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து, நான்கு துண்டுகளையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. 2018-இல் வெளியான ஆய்வில் 441 பேர். முப்பது மாதத்தில் மருந்து சாப்பிட்டவர்களில் 29.5 சதவீதமும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 42.9 சதவீதமும் இறந்தார்கள். பலன் தெரிய ஒன்றரை ஆண்டு ஆனது. ஏற்கெனவே படிந்ததை இது கரைக்காது. அதனால் நோய் முற்றியவர்களைவிட ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கே அதிகப் பயன். அப்பாவின் நிலை எங்கே என்று பார்க்க இரண்டு எண்கள் போதுமாயின: இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் என்டி-புரோபிஎன்பி 3000-க்குக் கீழ், சிறுநீரக வடிகட்டும் அளவு 45-க்கு மேல். இரண்டும் சரியாக இருந்ததால் முதல் நிலை.

2019-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஆண்டுக்கு 2,25,000 டாலர். இங்கே என்ன விலை, எந்த வடிவம் கிடைக்கிறது என்பதை எழுதினால் இதைப் படிப்பதற்குள் மாறியிருக்கும். மருத்துவமனை மருந்தகத்தில் கேளுங்கள், நோயாளி உதவித் திட்டம் உண்டா என்பதையும் சேர்த்து. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 61 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றும், மெக்லுமின் உப்பாக வரும் 20 மில்லிகிராம் கேப்ஸ்யூல் நான்கும் சமம். எண்ணை மட்டும் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாது. மலிவாகத் தருகிறேன் என்று வருகிற இடைத்தரகரிடம் தொகுதி எண்ணும் ரசீதும் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். இது ஆடிட்டர் ஆபீஸ் புத்தி. 2024 நவம்பரில் அகோராமிடிஸ் என்ற மாத்திரையும், 2025 மார்ச்சில் மூன்று மாதத்துக்கொருமுறை தோலுக்கடியில் போடும் வுட்ரிசிரான் ஊசியும் அமெரிக்காவில் இந்த இதய நோய்க்கு அனுமதி பெற்றன. வுட்ரிசிரான் கல்லீரலில் புரத உற்பத்தியையே குறைப்பதால் வைட்டமின் ஏ தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கும்.

பெருந்துறைப் பக்கம் இருந்த வீட்டுமனையை விற்கலாம் என்று நான் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம். "எழுபத்திரண்டு வயது இதயத்துக்கு மனையா? பேத்திக்கு வைத்தது அது" என்றார். முடிவை அவரிடமே விடுவது என்று அண்ணனும் நானும் பேசிக்கொண்டோம். மருத்துவரை நேராகக் கேட்கச் சொன்னோம். மருந்து சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன என்று அவர் அப்பாவிடமே, எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, பேசினார். வெளியே வந்த அப்பா, "இரண்டு வருஷம் பார்ப்போம்" என்றார். மனை போனது. இப்போது ஆறு மாதத்துக்கொருமுறை என்டி-புரோபிஎன்பி, எக்கோ, ஆறு நிமிட நடை. கூடவில்லை, குறையவும் இல்லை. இந்த மருந்தில் அதுதான் நல்ல செய்தி என்கிறார்கள்.

மரபணுச் சோதனையை அப்பாவின் வயதைச் சொல்லி ஒத்திப்போடப் பார்த்தார்கள். வயதானவர்களுக்கும் பரம்பரை வகை வருவதுண்டு. பரம்பரை என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாங்கள் விடவில்லை. மாற்றம் எதுவும் இல்லை என்று வந்ததால் எனக்கும் அண்ணனுக்கும் சோதனை தேவைப்படவில்லை.

சித்தப்பாவுக்குத்தான் கேள்வி மிச்சமிருந்தது. அவரும் அதே பட்டறையில் இருந்தவர், இரண்டு கையும் மரத்துப்போகிறது, அறுபத்தாறு வயது. பரம்பரை இல்லையென்றாலும் வயது இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோது திசுவைக் காங்கோ ரெட் சோதனைக்கு அனுப்பச் சொல்லிச் சீட்டிலேயே எழுதி வாங்கினேன். வலது கையில் அமிலாய்டு இருந்தது. எக்கோவில் சுவர் 11 மில்லிமீட்டர், ரத்தம், சிறுநீர் எல்லாம் சுத்தம், ஸ்கேனில் இதயம் ஒளிரவில்லை. மருந்து எதுவும் இப்போது வேண்டாம், ஆண்டுக்கொருமுறை எக்கோவும் இசிஜியும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் மூன்று பத்தி போட்டு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சோதனை தை மாதம்.